மிக்ஸி போட்டால் பேசுவாள்

என் தங்கை மகள் முதன்முதலாக ஒரு முழு வாக்கியம் பேசியபோது வீட்டில் இருந்த எல்லாரும் கை தட்டினோம். தட்டாமல் என்ன செய்வது? இரண்டு வயது முடிந்த வாண்டு. அதுவரை 'ம்மா', 'ப்பா' கூட ஒழுங்காக வராத வாய். அது திடீரென்று சமையலறை வாசலில் நின்று, "அம்மா, எனக்குப் பயமா இருக்கு, எங்க இருக்க?" என்று கணீரென்று சொன்னால் யாருக்குத்தான் கை சும்மா இருக்கும்? அதுவும் அச்சு அசலாக அவள் அம்மாவின் குரலில்.

அம்மாவின் குரல் என்றால் வீட்டில் பேசுகிற குரல் இல்லை. நானும் என் தங்கையும் டப்பிங் பேசிப் பிழைக்கிறவர்கள். வெளியிலிருந்து வரும் கார்ட்டூன் பொம்மைகளுக்குத் தமிழில் வாய் கொடுப்பது எங்கள் வேலை. தங்கைக்குக் கீச்சுக் குரல் என்பதால் குஞ்சு, குட்டி, குழந்தை எல்லாம் அவளுக்கு. எனக்குப் பிறவியிலேயே கட்டைத் தொண்டை. பள்ளிக்கூடத்தில் என்னைத் 'தவளை' என்று கூப்பிட்டார்கள். அந்தத் தவளைத் தொண்டைதான் இன்றைக்குச் சோறு போடுகிறது, சொன்னவர்களெல்லாம் எங்கே இருக்கிறார்களோ தெரியாது. மாமியார், சூனியக்காரி, அம்மா இந்த மூன்றில் எது வந்தாலும் என்னைக் கூப்பிடுவார்கள். எனக்கென்று பிள்ளை குட்டி கிடையாது. மைக் முன்னால் மட்டும் நான் ஒரு காடு நிறையப் பெற்றவள்.

சிண்டு பேசியது நாங்கள் இரண்டு பேரும் பேசும் கரடிக் கார்ட்டூனில் வரும் வசனம். உச்சந்தலையில் ஒரு குடுமி எப்போதும் நட்டுக்கொண்டு நிற்பதால் அவளுக்குச் சிண்டு என்று பெயர் வந்தது, வைத்தவள் நான். அந்தக் கார்ட்டூனில் ஒரு கரடிக்குட்டி. அதற்கு வேறு வேலையே கிடையாது, ஒவ்வொரு கதையிலும் குகை, கிணறு, மரப்பொந்து என்று எதிலாவது போய் விழுந்து தொலைக்கும். உடனே, "அம்மா, எனக்குப் பயமா இருக்கு, எங்க இருக்க?" என்று கத்தும். அது தங்கை. "இங்கதான்டா இருக்கேன், கைய நீட்டு" என்று அம்மாக் கரடி பதில் சொல்லும். அது நான். "நீட்டிட்டேன்மா" என்று குட்டி சொல்ல, அம்மா இழுத்துக் கரை சேர்ப்பாள்.

இதில் ஒன்று தெரிந்துகொள்ள வேண்டும். நாங்கள் சேர்ந்து நின்று பேசுவதில்லை. தங்கை ஒரு நாள் வந்து, என் பதிலுக்கு இடம் விட்டுத் தன் வசனத்தை மட்டும் பேசிவிட்டுப் போவாள். நான் இன்னொரு நாள் வந்து அந்த இடத்தை நிரப்புவேன்.

சிண்டுவும் அப்படியே செய்தாள். "எங்க இருக்க?" என்று கேட்டுவிட்டு, என் பதிலுக்கு எவ்வளவு இடம் வேண்டுமோ அவ்வளவு நேரம் வாயை மூடிக்கொண்டு நிற்பாள். பிறகு மறுபடியும் முதலிலிருந்து ஆரம்பிப்பாள்.

"பாத்தீங்களா அண்ணி, கேப் விடுறா!" என்று மாப்பிள்ளை துள்ளுவார். மாப்பிள்ளை என்றால் தங்கையின் கணவர். லிஃப்ட் மெக்கானிக். "யாரு சொல்லிக் குடுத்தா? ரத்தத்துலயே இருக்கு. இன்னும் கொஞ்ச நாள்ல உங்க ரெண்டு பேர் பொழப்புலயும் இவ மண்ணப் போடப் போறா பாருங்க!"

பெருமை தாங்கவில்லை மனிதருக்கு. மகளைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடினார். கேட்ட நேரத்தில் அவள் பேச மாட்டாள் என்பதுதான் அவருக்கு ஒரே குறை. வந்த விருந்தாளி முன்னால், "கரடி எப்படிப் பேசும், சொல்லு சொல்லு" என்று கெஞ்சினால் அவள் பாட்டுக்குக் குக்கர் மூடியைத் தரையில் சுழற்றிக்கொண்டு இருப்பாள். அப்புறம் அவரே ஒரு வழி கண்டுபிடித்தார். மிக்ஸியைப் போட்டால் பேசுகிறாள்! அது கடகடவென்று ஓட ஆரம்பித்ததும் இரண்டு காதையும் பொத்திக்கொண்டு, நுனிக்காலில் நின்றபடி, தவறாமல் அந்த வசனத்தைச் சொல்கிறாள். அதன் பிறகு யார் வந்தாலும் முதலில் ஜூஸ்தான். பழம் இல்லாவிட்டால் வெறும் மிக்ஸி.

எல்லாரும் சிரித்தோம், கை தட்டினோம். தங்கை மட்டும் கொஞ்ச நாளில் தட்டுவதை நிறுத்திவிட்டாள்.

ஒரு முறை அபூர்வமாக இரண்டு பேருக்கும் ஒரே நாளில் வேலை வந்தது. ரெக்கார்டிங் முடிந்து அவள் வெளியே வர, அடுத்த முறைக்கு நான் காத்திருந்தேன். நடைபாதை பெஞ்சில் என் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"அக்கா, சிண்டு என்னை அம்மான்னு கூப்பிட மாட்டேங்குறா."

எனக்குக் கோபம் மூக்கு நுனியிலேயே இருக்கும். "ஏண்டி, நாள் பூரா அம்மா அம்மான்னு கத்திக்கிட்டு இருக்கா. உனக்கு இன்னும் எத்தனை அம்மா வேணும்?"

"அது அவ கூப்பிடறது இல்லக்கா. அது நான் கூப்பிட்டது. இந்த ரூமுக்குள்ள நின்னு நான் உன்னைக் கூப்பிட்டது."

கையிலிருந்த வசனத் தாளை மடித்துப் பைக்குள் வைத்தேன்.

அவள் யாரையும் பார்க்காமல் சொல்லிக்கொண்டே போனாள். "பேரச் சொல்லிக் கூப்பிட்டா திரும்ப மாட்டேங்குறா. காது கேக்கலியோன்னு நெனச்சேன். ஆனா அடுத்த ரூம்ல பிஸ்கட் பாக்கெட்டத் தொட்டா ஓடி வர்றா. நான் கூப்பிட்டா மட்டும் கேக்காது. ஒண்ணு வேணும்னா விரல நீட்டிக் காட்டினதே இல்லக்கா. என் மணிக்கட்டப் புடிச்சு இழுத்துக்கிட்டுப் போயி, என் கையத் தூக்கி ஃப்ரிட்ஜ் மேல வைப்பா. என் மூஞ்சியப் பாக்க மாட்டா. ஃப்ரிட்ஜத் தொறக்குற சாமான் நானு, அவ்வளவுதான்."

"சின்னப் புள்ளடி."

"சின்னப் புள்ளங்க எல்லாம் எதையாவது தூக்கிக்கிட்டு வந்து காட்டும். கல்லு, எறும்பு, செருப்புன்னு எதையாவது. இவ எனக்கு ஒண்ணுமே காட்டினது இல்ல." மூக்கை உறிஞ்சினாள். "பாட வேணாம், படிக்க வேணாம். நான் கூப்பிட்டு ஒரே ஒரு தடவை திரும்பிப் பாக்கணும். நான்தான் அம்மான்னு அவளுக்குத் தெரியணும். எனக்கு வேற ஒண்ணும் வேணாம்க்கா."

உள்ளே என்னைக் கூப்பிட்டார்கள். போய் ஹெட்போனை மாட்டினால், காதுக்குள் அவள் சற்று முன் பேசிவிட்டு வந்த குட்டிக் குரல். "எங்க இருக்க?" என் பதிலைச் சொன்னேன். "மேடம், தண்ணி குடிச்சிட்டு வாங்க, அம்மாவுக்கு சளி புடிச்ச மாதிரி இருக்கு" என்று கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து இன்ஜினியர் கிண்டல் செய்தார். அவரை முறைத்துவிட்டுக் குடித்தேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மாப்பிள்ளையுடன் வேலை பார்ப்பவர் குடும்பத்தோடு வீட்டுக்கு வந்தார். நானும் போயிருந்தேன். அவர்கள் பையன் சிண்டுவைவிடச் சின்னவன், நடையே இன்னும் தள்ளாட்டம். சிண்டு சுழற்றிய குக்கர் மூடியைப் பார்த்ததும் அவன் விரலை நீட்டினான். உடனே திரும்பித் தன் அம்மா முகத்தைப் பார்த்து, "த்தூது" என்றான். சுத்துது என்கிறானாம். அம்மாவும் பார்க்கிறாளா என்று உறுதி செய்துகொண்டு மறுபடியும் மூடியைப் பார்த்தான். இவ்வளவுதான் நடந்தது. என் தங்கை கையில் தட்டோடு அந்தப் பையனையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவள் முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை.

மாப்பிள்ளைக்கு அதெல்லாம் எங்கே கண்ணில் படும்? "இருங்க இருங்க, எங்க வீட்டு ஸ்டாரோட டயலாக்கக் கேளுங்க" என்று மிக்ஸிப் பக்கம் போய்விட்டார்.

மிக்ஸி ஓடியது. சிண்டு மூடியை விட்டாள், காதைப் பொத்தினாள், நுனிக்காலில் எழுந்தாள். "அம்மா, எனக்குப் பயமா இருக்கு, எங்க இருக்க?"

பிறகு அந்த இடைவெளி. நான் வேண்டுமென்று செய்யவில்லை. வருஷக்கணக்காக அந்த இடைவெளி வந்தால் வாய் திறந்து பழகிய தொண்டை. அது பாட்டுக்குப் பேசிவிட்டது.

"இங்கதான்டா இருக்கேன், கைய நீட்டு."

சிண்டு திரும்பினாள். நேராக என் வாயைப் பார்த்தாள். காதிலிருந்து ஒரு கையை எடுத்து என் பக்கம் நீட்டினாள்.

"நீட்டிட்டேன்மா," என்றாள்.

இந்த வசனத்தை அவள் அதுவரை சொன்னதே இல்லை. நான் ஓடிப்போய் அந்தக் கையைப் பிடித்தேன். சில்லென்று இருந்தது, உள்ளங்கை பூராவும் வேர்வை, விரல்களெல்லாம் நடுக்கம். விருந்தாளிகள் பலமாகத் தட்டினார்கள். "அடேங்கப்பா, ரெண்டு பேரும் சேர்ந்து கச்சேரியே வெக்கலாம் போலிருக்கே!" என்றார் வந்தவர். தங்கை தட்டை வைத்துவிட்டுக் குளியலறைக்குள் போனாள். உள்ளே குழாய் திறக்கும் சத்தம் கேட்டது, ரொம்ப நேரம் மூடவில்லை.

அவர்கள் கிளம்பிய பிறகு சிவந்த கண்ணோடு வெளியே வந்தாள். "நாளைக்கு டாக்டர்கிட்டப் போறோம்."

"நல்லாப் பேசுற புள்ளயக் கூட்டிட்டுப் போயி டாக்டர்கிட்ட என்னன்னு சொல்லுவ? ரொம்ப நல்லாப் பேசுறா, மருந்து குடுங்கன்னா?" என்றார் மாப்பிள்ளை. "எங்க பெரியப்பா நாலு வயசுலதான் பேசினாராம். அப்புறம் ஊரையே வித்துட்டு வந்தாரு."

எனக்கு வந்ததே பாருங்கள் ஆத்திரம்! "மாப்பிள்ள, உங்க லிஃப்ட்ல கிரீச்சுன்னு ஒரு சின்னச் சத்தம் வந்தா சாப்பாட்டப் பாதியில விட்டுட்டு ஓடுறீங்கல்ல? ஓடுற லிஃப்டுதானே, நல்லாத்தானே ஓடுதுன்னு இருக்கீங்களா? பெத்தவ ஒருத்தி மாசக்கணக்கா சத்தம் கேக்குதுன்னு சொல்றா. அது உங்க காதுல ஏறலியா?"

அவர் முகம் சுண்டிப்போனது. கொஞ்ச நேரம் மிக்ஸியைத் துடைத்துக்கொண்டே இருந்தார். பிறகு, "எத்தன மணிக்குப் போகணும்?" என்று கேட்டார்.

டாக்டர் வயதான அம்மாள். சுவரெல்லாம் யானையும் ஒட்டகச்சிவிங்கியும் ஒட்டியிருந்த அறையில், மேசையை விட்டு எழுந்து வந்து தரையில் சிண்டுவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டார். பேர் சொல்லிக் கூப்பிட்டார். சோப்புக் குமிழி ஊதினார். ஊதுவதை நிறுத்திவிட்டு, இன்னும் வேண்டுமென்று அவள் கேட்கிறாளா என்று காத்திருந்தார். சிண்டு அவர் கையைப் பிடித்துக் குமிழிப் புட்டியின் மேல் வைத்தாள். முகத்தைப் பார்க்கவில்லை. ஒரு கார் பொம்மை கொடுத்தார். அவள் அதைக் கவிழ்த்துப் போட்டுச் சக்கரத்தை மட்டும் சுழற்றினாள். என் தங்கை நாற்காலி விளிம்பில் உட்கார்ந்து, பரீட்சை எழுதும் பிள்ளையைப் பார்ப்பது போல் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பேசுறா டாக்டர்," என்றார் மாப்பிள்ளை. அவரால் பொறுக்க முடியவில்லை. "முழு டயலாக்கே பேசுவா. இங்க புது இடம், அதான்."

"அப்படியா? எப்பெப்பப் பேசுவா?"

"மிக்ஸி போட்டாப் போதும் டாக்டர், கரெக்டா வந்துடும். 'அம்மா, எனக்குப் பயமா இருக்கு, எங்க இருக்க'ன்னு அப்படியே இவ வாய்ஸ்ல."

"மிக்ஸி சத்தம்னா அவளுக்குப் பயமா?"

"சேச்சே, பயமெல்லாம் ஒண்ணும் இல்ல. சும்மா காதப் பொத்திக்கிட்டு, நடுங்கிக்கிட்டு..."

பாதியில் நிறுத்திவிட்டு மகளைத் திரும்பிப் பார்த்தார். கார்ச் சக்கரம் சுற்றும் சத்தம் மட்டும் கேட்டது.

"பயமா இருக்குன்னு நான் சொன்னப்போ எல்லாம்..." என்று தங்கை ஆரம்பித்தாள். அவளே திருத்திக்கொண்டாள். "அவ சொன்னப்போ எல்லாம் நாங்க கை தட்டினோம் டாக்டர்."

டாக்டர் எழுந்து வந்து அவள் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார். "பயத்தச் சொல்ல அவகிட்ட இருந்த வார்த்தை அது ஒண்ணுதாம்மா. எங்கயோ கேட்டத எடுத்து, சரியான நேரத்துல சொல்லியிருக்கா. அது சின்ன விஷயம் இல்ல." பிறகுதான் ஆட்டிசம் என்ற சொல்லைச் சொன்னார். மெதுவாகத்தான் சொன்னார்.

"டிவி பாத்ததாலயா? நான் பேசுறதப் போட்டுப் போட்டுக் காட்டினேனே, அதனாலயா?" என்று கேட்டாள் தங்கை.

"இல்ல. யாரும் எதுவும் பண்ணி வந்தது இல்ல, பொறக்கும்போதே கூட வந்தது. கூப்பிட்டாத் திரும்பல, விரல் நீட்டல, எதையும் காட்டலன்னு கவனிச்சுக் கூட்டிட்டு வந்தீங்க பாருங்க, அதுதான் பெரிசு. பலபேர் 'சரியாப் போயிடும்'னு ஸ்கூல் சேக்குற வரைக்கும் இருந்துடுறாங்க. இப்பவே பயிற்சி ஆரம்பிச்சா நெறையச் செய்யலாம்."

"என்னை அம்மான்னு கூப்பிடுவாளா?"

அந்த அம்மாள் பொய் சொல்லவில்லை. "முயற்சி பண்ணுவோம்," என்றார்.

அன்றைக்கு மாப்பிள்ளை அந்த மிக்ஸியை ஒரு சாக்கில் சுற்றிப் பரண் மேல் போட்டார். இறங்கும்போது ஏணியிலேயே பாதியில் நின்றுவிட்டார். தோள் குலுங்கியது. சிண்டு ஏணியின் கீழ்ப்படியில் விரலால் தட்டிக்கொண்டிருந்தாள், மேலே பார்க்கவில்லை.

பயிற்சிக்குப் போகத் தொடங்கினார்கள். அவள் கண் மட்டத்தில் உட்காருங்கள், குறைவாகப் பேசுங்கள், பதிலுக்குக் காத்திருங்கள் என்று சொல்லிக்கொடுத்தார்கள். தங்கை எல்லாவற்றையும் செய்தாள். ஒன்று மட்டும் நடக்கவில்லை. குக்கர் விசிலுக்கோ தெருவில் போகும் லாரிக்கோ சிண்டு பயந்து, "எங்க இருக்க?" என்று கேட்கும்போது தங்கை ஓடிப்போய், "இங்கதான்டா இருக்கேன்" என்பாள். சிண்டு திரும்ப மாட்டாள். மறுபடியும் முதலிலிருந்து ஆரம்பிப்பாள். அது எப்படித் திரும்பும்? அவள் காதுக்குத் தங்கையின் குரல் குட்டியின் குரல். கூடவே சேர்ந்து இன்னொரு குட்டியும் அழுகிறது, அவ்வளவுதான். அம்மாவுக்கு வேறு குரல்.

"அண்ணி, உங்க குரல ஃபோன்ல பதிஞ்சு குடுத்துடுங்களேன்," என்று மாப்பிள்ளை ஒரு நாள் தயங்கித் தயங்கிக் கேட்டார்.

"வேணாம்," என்றாள் தங்கை. என்னைப் பார்க்காமல் சொன்னாள். அதற்குப் பிறகு கொஞ்ச நாள் அவள் என்னை வீட்டுக்கு வா என்று கூப்பிடவில்லை. எனக்குக் கோபம் வரவில்லை என்று சொன்னால் பொய். இரண்டு முறை ஃபோனை எடுத்து நன்றாக நாலு வார்த்தை கேட்கலாம் என்று நினைத்து வைத்துவிட்டேன். என் தொண்டையை நானா கடையில் வாங்கினேன்?

பிறகு ஒரு நாள் பகலில், கூப்பிடாமலே போனேன். மாடி வீட்டில் சுவரைத் துளைத்துக்கொண்டிருந்தார்கள். டிரில்லின் சத்தம் தெருமுனை வரைக்கும் கேட்டது. செருப்பைக் கூட ஒழுங்காகக் கழற்றாமல் உள்ளே ஓடினேன். சிண்டு சாப்பாட்டு மேசைக்கு அடியில் காதைப் பொத்திக்கொண்டு சுருண்டிருந்தாள். தங்கை அவளுக்கு எதிரே தரையில் குப்புறப் படுத்திருந்தாள், கன்னம் தரையில் படும்படி, மகளின் கண் மட்டத்துக்கு.

"அம்மா, எனக்குப் பயமா இருக்கு, எங்க இருக்க?"

என் வாய் திறந்தது. தங்கை படுத்தபடியே கையைத் தூக்கி என்னை நிறுத்தினாள். "நீ பேசாதக்கா," என்று உதடு மட்டும் அசைந்தது.

அந்த இடைவெளியில் அவள் பேசினாள்.

"இங்கதான்டா இருக்கேன், கைய நீட்டு."

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. அது என் குரல். அந்தக் கட்டைத் தொண்டை, 'நீட்டு'வில் நான் கொஞ்சம் இழுக்கும் இழுப்பு உட்பட. அந்தக் கீச்சுத் தொண்டைக்குள் இதை எப்படி இறக்கினாளோ, எத்தனை நாள் யாரும் இல்லாதபோது உட்கார்ந்து பழகினாளோ. கழுத்து நரம்பு புடைத்திருந்தது.

மேசைக்கு அடியிலிருந்து ஒரு சின்னக் கை வெளியே வந்தது.

"நீட்டிட்டேன்மா."

தங்கை அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள். இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். சிண்டு அவள் முகத்தைப் பார்க்கவில்லை, அவள் வாயைத்தான் பார்த்தாள். ஆனால் பார்த்தாள். தங்கைக்குக் கண்ணிலிருந்து தண்ணீர் மூக்கின் மேல் ஏறித் தரையில் சொட்டியது, துடைக்கக் கையில்லை. "சிண்டு, அம்மாடா," என்று தன் சொந்தக் குரலில் மெல்லச் சொல்லிப் பார்த்தாள். அந்தக் கை உடனே தன்னைப் பின்னால் இழுத்துக்கொள்ளப் பார்த்தது. அவள் அவசரமாக மறுபடியும் என் குரலுக்குப் போனாள். "இங்கதான்டா இருக்கேன். இங்கதான் இருக்கேன்." கை நின்றது.

டிரில் நிற்கும்வரை அப்படியே சொல்லிக்கொண்டிருந்தாள். பெற்றவள் தரையில் கிடந்து என் குரலில் பேச, நான் அந்தக் குரலை வாய்க்குள் வைத்துக்கொண்டு அங்கேயே நின்றேன்.

சத்தம் ஓய்ந்ததும் சிண்டு கையை உருவிக்கொண்டு வெளியே வந்து, குக்கர் மூடியை எடுத்துச் சுழற்ற ஆரம்பித்தாள். எங்கள் இரண்டு பேரில் யாரும் அங்கே இல்லாதது போல. தங்கை எழுந்து உட்கார்ந்து, புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்தாள். கலைந்த முடியை ஒதுக்கினாள். என்னைப் பார்த்துச் சிரிக்கப் பார்த்தாள்.

"வாக்கா, உக்காரு," என்றாள். "டீ போடட்டுமா?"

என் குரலிலேயே கேட்டாள். மாற்றிக்கொள்ள மறந்துவிட்டது அவளுக்கே தெரியவில்லை.

நானும் சொல்லவில்லை. "போடு," என்றேன்.